நாற்பத்தொன்றாம் காற்றாலையும் என் வாயும்

1

நான் டென்மார்க்கில் வந்து இறங்கி இந்த ஐப்பசியோடு பதினேழு வருஷம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் என் மனைவி சரோஜா பாயாசம் வைப்பாள். அது கொண்டாட்டமா, திவசமா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவளுக்கும் தெரியாது. சேமியா, சவ்வரிசி, முந்திரி எல்லாம் இங்கே கிடைக்கின்றன. இலங்கையில் எங்கள் ஊர் கஹவத்தை பஜாரில் கிடைப்பதைவிட நல்லதாகவே கிடைக்கின்றன. சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்ப் படுத்துக்கொள்வோம்.

இந்த வருஷம் பாயாசம் இல்லை. அன்றைக்கு எங்கள் ஒரே மகள் கலையரசி, வீட்டில் கலா, கரையிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் நிற்கும் ஒரு காற்றாலையின் உச்சியில் மாட்டிக்கொண்டிருந்தாள். கீழே படகு நெருங்க முடியாத அலை. மேலே ஹெலிகாப்டர் வர முடியாத மேகம். கூடப் போனவனுக்குக் கை முறிந்திருந்தது. அவள் அங்கே மாட்டியதற்குக் காரணம் அவளைப் பெற்றவன். "வெளிநாட்டில் உங்களுக்கு என்ன குறை?" என்று ஊரிலிருந்து அடிக்கடி கேட்டு எழுதுகிறீர்கள். ஒரு குறையையாவது முழுசாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் துறைமுகத்துக்கு அப்பால் கடலுக்குள் எண்பது காற்றாலைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் பஸ் அளவுக்கு ஒரு பெட்டி. அதற்குள் கியர்பெட்டி, ஜெனரேட்டர், சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகள். ஒவ்வொரு பேரிங்கின் மேலும் கட்டைவிரல் அளவு ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். இயந்திரத்தின் அதிர்வை அது பிடித்து, கடலுக்கடியில் கிடக்கும் கேபிள் வழியாகக் கரையில் இருக்கும் எங்கள் அறைக்கு அனுப்பும். அறையில் திரைக்கு முன்னால் நான் இருப்பேன். எந்த இயந்திரம் அடுத்த மாதம் படுக்கும், எதைக் கோடை வரை இழுக்கலாம் என்று உடையும் முன்னமே சொல்வதுதான் வேலை. உடைந்த பிறகு சொல்ல என்னைப் போல ஒருவன் தேவையில்லை. அதோடு இங்கே குளிர்காலத்தில் கடல் ஏறிவிட்டால் வாரக்கணக்கில் யாரும் போக முடியாது. அமைதியான நாட்களிலேயே முடிக்க வேண்டியதை முடித்துவிட வேண்டும்.

இதை என் அக்காவுக்கு விளக்கப் போய் வம்பாகிவிட்டது. ராணி அக்கா இன்னும் ஊரில், தேயிலைத் தோட்டத்தில்தான் இருக்கிறாள். சிக்னல் கிடைக்க கோயில் மேட்டுக்கு ஏறி வந்து பேசுவாள்.

"அங்க என்னாதான் வேல பாக்குற தம்பி?"

"மெஷினுக்கு நாடி பாக்குற வேலக்கா."

"அப்ப டாக்டருன்னு சொல்லு."

"கிட்டத்தட்ட."

ஒரே வாரத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் பூராவும் நான் டாக்டர் ஆகிவிட்டேன். முதுகுவலிக்கு மாத்திரை அனுப்பச் சொல்லி இரண்டு பேர் சொல்லி அனுப்பினார்கள்.

வந்த புதிதில் மீன் தொழிற்சாலையில் ஐந்து வருஷம் பெட்டி தூக்கினேன். பிறகு கியர்பெட்டி பழுதுபார்க்கும் பட்டறை. முதுகு போனதும், காது நன்றாக இருக்கிறது என்று இந்த அறைக்கு மாற்றினார்கள். காது எனக்கு ஊரிலிருந்து வந்தது. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நான் ஃபிட்டராக இருந்தேன். ரோலர் மெஷின் ஓடும்போது ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பேன். நல்ல பேரிங் முனகும். கெட்டுப்போகிற பேரிங் நொறுக்குத் தீனி தின்னும். இங்கே அதே நொறுக்குச் சத்தம் திரையில் ஒரு சின்ன முள்ளாக எழுந்து நிற்கிறது, இரண்டு பக்கமும் குட்டி முட்களோடு. பார்த்தவுடன் எனக்குக் காதில் கேட்கும்.

என் மேலதிகாரி ஹென்ரிக். என்னைவிட ஒன்பது வயது இளையவர், நல்ல மனிதர். இந்த ஊர் பாஷையில் எல்லாரையும் 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும். அமைச்சரையும் நீ, பிச்சைக்காரனையும் நீ. பதினேழு வருஷமாகியும் ஹென்ரிக்கை நீ என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை. அதனால் அவரோடு பேசும்போதெல்லாம் அந்தச் சொல்லே வராமல் வாக்கியத்தைச் சுற்றி வளைத்துப் பேசுகிறேன். "இந்தக் கோப்பைப் பார்க்க முடிந்தால் நல்லது" என்பேன். யார் பார்க்க வேண்டும் என்று அவர் தேடுவார். கலா இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிப்பாள். "அப்பா, அவர் ஒங்க தொரை இல்லப்பா" என்பாள். அது எனக்கும் தெரியும். முதுகெலும்புக்குத்தான் தெரியவில்லை.

3

கலாவை அழைத்துக்கொண்டு சரோஜா இங்கே வந்தபோது பிள்ளைக்கு ஏழு வயது. அன்றைக்கு என்ன தமிழ் பேசினாளோ அதே தமிழ்தான் இன்றும் பேசுகிறாள். நீங்க, வாங்க, ஆமாங்கப்பா, பசிக்குதும்மா. இருபத்தொரு வயதுப் பெண்ணின் வாயில் ஏழு வயதுத் தமிழ். அதற்கு மேல் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் டேனிஷுக்குத் தாவிவிடுவாள். ஆகவே எங்களுக்குள் பசி, தூக்கம், பஸ் நேரம் தவிர வேறு விஷயம் வருவதில்லை.

படிக்க வைத்து ஆபீசில் உட்கார வைக்கலாம் என்றிருந்தோம். அவளோ காற்றாலைத் தொழில்நுட்பப் பயிற்சியில் சேர்ந்தாள். "வானத்துல ஏறி எண்ணெ தொடைக்கவா ஒன்னயப் பெத்தேன்?" என்று சரோஜா கேட்டாள்.

"அப்பாவும் எண்ணெதானே தொடச்சாங்க" என்றாள் கலா.

எனக்குக் கோபம் வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் வந்தது, அதைக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் கழித்து அவளை எங்கள் நிறுவனத்துக்கே அனுப்பினார்கள். நான் கரையில் பார்க்கும் இயந்திரங்களில் அவள் கடலில் ஏறுவாள். காலையில் அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது சுவர்ப் பலகையில் எந்தப் படகுக்கு நேரே அவள் பெயர் இருக்கிறது என்பதைத்தான். மாலையில் படகு திரும்பும்வரை மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பேன். அவள் தனியாக ஒரு சின்ன வீடு எடுத்துப் போய்விட்டதால், அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதைத் தினமும் எனக்குச் சொல்வது அந்தப் பலகைதான்.

4

இப்போது ஊர்க் கதை. இதைக் கலாவுக்கு நான் சொன்னதே இல்லை. சண்டையால் வந்தோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கட்டுரை எழுதினாள்.

தொண்ணூற்றிரண்டில் ஸ்டோர் இஞ்சின் ரூமில் ஒரு பழைய டீசல் ஜெனரேட்டர் இருந்தது. கரண்ட் போனால் அதுதான் கதி. ஒருநாள் வழக்கம்போல ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டேன். பேரிங் நொறுக்குத் தின்றுகொண்டிருந்தது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் போய்ச் சொன்னேன்.

"ஐயா, ஜெனரேட்டர் பேரிங் பத்து நாளைக்கு மேல தாங்காதுங்க. சூடேறிப் பத்திக்குங்க."

"ஓடுற மெஷின நிப்பாட்டினா கொழுந்து கெட்டுப் போயிரும். போய் வேலயப் பாரு" என்றார் அவர்.

எட்டாம் நாள் பகல் பதினொரு மணிக்கு இஞ்சின் ரூம் பற்றி எரிந்தது. பெல்ட்டுகள் எரிந்தன, பாதிக் கூரை போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்தான் மண் அள்ளிப் போட்டு அணைத்தேன், முடியெல்லாம் கருகியது. மறுநாள் விசாரணை. தோட்ட மேலாளரான துரையின் பங்களா ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டீமேக்கர் நடந்ததை மறைக்கவில்லை. நான் எட்டு நாளுக்கு முன்பே சொன்னதாக உண்மையையே சொன்னார். துரை என்னைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கலின் தன்னே கொஹொமத?"

முன்னமே உனக்கு எப்படித் தெரியும்? எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. காதால் கேட்டேன் என்று அழகான சிங்களத்தில் சொன்னேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. இஞ்சின் பாஷையும் தெரியும், சிங்களமும் தெரியும், எரியப்போகும் நாளும் தெரியும் என்றால் அந்தக் காலத்தில் ஒரு தமிழன் யாராக இருக்க முடியும்? போலீஸ் ஜீப் வந்தது. நான்கு வாரம் உள்ளே இருந்தேன். அங்கே நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு ராலஹாமி, அதாவது போலீஸ்காரர், மட்டும் தினமும் அதே கேள்வியைக் கேட்டார், சில நாள் அன்பாகக்கூட. வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஒன் வாய்தான் ஒனக்கு எமன் தம்பி. கண்டாலும் காணாத மாரி இரு. ஒடஞ்சா ஒடையட்டும். மொதல்ல பாத்தவன் பேருதான் கேசுல வரும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தோட்டத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். தேயிலைக்குள் பாம்பைப் பார்த்தவன்தான் பாம்பைப் பிடிக்கப் போக வேண்டும். கொழுந்து மூட்டை கிழிந்திருக்கிறது என்று சொன்னவன்தான் கிழித்தவன். நான் மட்டும் ஸ்க்ரூடிரைவர் மயக்கத்தில் அதை மறந்து தொலைத்தேன். இரண்டு மாதத்தில் நாடு போனது.

5

இங்கே அகதி விசாரணையில் இதையெல்லாம் சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணர். மரியாதையானவர். ஆனால் கஹவத்தையில் தமிழர் இருக்கிறார்கள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. "அங்கை எங்கடை ஆக்கள் இருக்கினமோ?" என்று இடைவேளையில் கேட்டார். நான் ஸ்டோர் என்றதை அவர் கடை என்று சொல்லிவிட்டார். என் கோப்பில் இன்றுவரை நான் கடைச் சிப்பந்தி. திருத்தச் சொல்லி ஐந்து கடிதம் போட்டேன். திருத்தினால் முதல் வாக்குமூலம் பொய்யா என்ற கேள்வி வரும் என்று வக்கீல் சொன்னதும் விட்டுவிட்டேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் பயணப் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்குத் தவிர என்று எழுதியிருக்கிறது. குடியுரிமை கிடைத்தால்தான் அக்காவைப் போய்ப் பார்க்கலாம். அதற்கு மொழித் தேர்வு, வேலைச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ். தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டேன். மூன்றாம் தடவை பிழைத்துக்கொண்டேன். விண்ணப்பம் போய் ஒன்றரை வருஷமாகிறது. சண்டை முடிந்துவிட்டதே, இனி வரலாமே என்று அக்கா வைகாசியில் கேட்டாள். வேலையில் ஒரு கறை விழாமல் இந்தக் கொஞ்ச காலத்தை ஓட்டிவிட்டால் வந்துவிடுவேன் என்றேன். ஊருக்கும் போக முடியாது, இங்கேயும் காலூன்ற முடியாது. இந்த விண்ணப்ப எண் ஒன்றுதான் நான் நிற்கும் நிலம்.

6

இனி நாற்பத்தொன்றாம் இயந்திரம்.

எங்கள் திரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அதிர்வு அதைத் தாண்டினால் கணினி தானாகவே எச்சரிக்கும். தாண்டாவிட்டாலும், எங்களுக்குச் சந்தேகம் வந்தால் ஒரு கவனிப்புக் குறிப்பு எழுதலாம். முதலில் பார்த்தவர் யார் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். வசந்த காலத்தில் நான் ஒரு குறிப்பு எழுதினேன். படகு போனது. பார்த்தால் சென்சார் கழன்றிருந்ததுதான் கோளாறு. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் என்னை ஜோசியக்காரன் என்று கூப்பிட்டார்கள். ஹென்ரிக் எனக்கு ஒரு கேக் வாங்கி வைத்தார். அவர்களுக்கு அது பிரியமான கேலி. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கழிப்பறையில் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு வீண் எச்சரிக்கை குறையட்டும் என்று மஞ்சள் கோட்டைக் கொஞ்சம் மேலே தூக்கிவைத்தார்கள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் நாற்பத்தொன்றின் ஜெனரேட்டர் பேரிங்கில் அந்த முள் எழுந்தது. மஞ்சள் கோட்டுக்கு வெகு கீழே. இரண்டு பக்கமும் குட்டி முட்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. உள் வளையத்தில் கீறல். ஐந்தாறு வாரம் தாங்கும். கடல் அப்போது குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. குறிப்பு எழுதியிருந்தால் இரண்டு நாளில் சாவகாசமாகப் புதுப் பேரிங் போட்டிருப்பார்கள்.

குறிப்பைத் திறந்தேன். பெயர் எழுதும் கட்டம் வந்தது. மூடிவிட்டேன். மறுநாளும் திறந்தேன், மூடினேன். அந்த ஆறு வாரமும் இதே கூத்துத்தான். தவறாகப் போனால் ஜோசியக்காரன், அடுத்து வேலைக் கோப்பில் ஒரு கறை. சரியாகப் போனால்? சரியாகப் போனால் என்ன ஆகும் என்று என்னையே கேட்டேன். முன்கூட்டியே தெரிவதற்குத்தானே எனக்குச் சம்பளமே தருகிறார்கள்? அறிவுக்கு எல்லாம் தெரிந்தது. கை மட்டும் விசைப்பலகையில் இறங்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பது எத்தனை உண்மை. கணினியே பார்த்துச் சொல்லட்டும், அதற்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை என்று இருந்துவிட்டேன்.

7

ஐப்பசியில், பாயாச நாளன்று காலை, பேரிங் கொதித்து நாற்பத்தொன்று தானாக நின்றது. என்ன கோளாறு என்று ஒரு தடவை பார்த்து வர ஹென்ரிக் இரண்டு பேரை அனுப்பினார். நான்கு மணி நேரம் கடல் தாங்கும் என்று வானிலைக்காரர்கள் சொன்னார்கள். பலகையில் இரண்டு பெயர்கள். யென்ஸ், கலா.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "போய்ப் பார்க்க ஒன்றுமில்லை, பேரிங் செத்துவிட்டது, அமைதியான நாள் வரட்டும்" என்று ஒரு வரி. படகு கிளம்ப இருபது நிமிஷம் இருந்தது. சொன்னால், எத்தனை நாளாகத் தெரியும் என்ற கேள்வி வரும். நான் தேநீர் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அவர்கள் மேலே ஏறி ஒன்றரை மணி நேரத்தில் காற்றுத் திரும்பியது. அலை ஏறியது. படகுக்காரர் காற்றாலையின் ஏணியில் படகின் மூக்கை வைத்து மூன்று தடவை முயன்றுவிட்டு விலகிக்கொண்டார். அதே நேரம், சங்கிலிப் பாரந்தூக்கியில் பேரிங் மூடியை இறக்கும்போது எண்ணெயில் வழுக்கி யென்ஸ் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். ஹெலிகாப்டருக்குச் சொன்னார்கள். மேகம் அந்தப் பெட்டியைத் தொட்டுக்கொண்டு கிடந்ததால் வர முடியாது என்றார்கள். மேலே போர்வைப் பை, தண்ணீர், உலர் உணவு எல்லாம் இருக்கின்றன, மறுநாள் வரை பொறுக்கலாம் என்று ஹென்ரிக் என் தோளைத் தொட்டுச் சொன்னார். கோபுரம் எத்தனை சென்டிமீட்டர் ஆடுகிறது என்று என் திரையில் தெரிந்தது. என் பிள்ளை ஆடும் ஆட்டத்தை எண்ணில் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகவும் முடியவில்லை.

நாலு மணிவாக்கில் ஹென்ரிக் ரேடியோவை என்னிடம் நீட்டினார். உங்கள் பாஷையில் பேசு, அவளுக்குத் தைரியமாக இருக்கும் என்றார். அறையில் ஆறு பேர். எல்லாருக்கும் கேட்கும், ஒருவருக்கும் புரியாது.

"கலா, அப்பா பேசுறேன். பயமா இருக்காம்மா?"

"இல்லங்கப்பா. யென்ஸுக்குத்தான் வலிக்குது. மாத்திர குடுத்தேன்." பிறகு கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். "அப்பா, இந்த பேரிங் உள்ள எல்லாம் கறுப்பா இருக்கு. தூள் தூளா இருக்கு. இது ஒரே நாள்ல வந்தது இல்லதானே? ஒங்க ஸ்கிரீன்ல ஒன்னும் தெரியலியா?"

அவளுடைய ஏழு வயதுத் தமிழில், வாழ்க்கையில் முதல் தடவையாக, சாப்பாட்டைப் பற்றி இல்லாத ஒரு கேள்வியை என்னிடம் கேட்டாள்.

"இல்லம்மா. ஒன்னும் தெரியல" என்றேன்.

"சரிங்கப்பா."

என்ன சொன்னாள் என்று ஹென்ரிக் கேட்டார். தைரியமாக இருக்கிறாளாம் என்றேன்.

8

மறுநாள் மதியம் அலை தணிந்து இறக்கிவிட்டார்கள். துறைமுகத்தில் யென்ஸை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தாள். முகம் வெளுத்து, உதடு வெடித்திருந்தது. கட்டிப்பிடிக்கலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள், "அம்மா தனியா இருப்பாங்க, வீட்டுக்குப் போங்கப்பா" என்று சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போய்விட்டாள்.

நான்காம் நாள் ஹென்ரிக்கின் அறைக்குப் போய்ச் செப்டம்பர் வரைபடங்களை மேசையில் பரப்பினேன். எனக்கு ஆறு வாரமாகத் தெரியும், சொல்லவில்லை என்றேன். மறுபடி உள்ளே போனால் நான்கு வாரத்துக்குத் தேவையான உடுப்பு எது எது என்றுகூட மனம் கணக்குப் போட்டது, நம்புவீர்களா.

ஹென்ரிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோட்டுக்குக் கீழேதானே இருக்கிறது, விதிப்படி யார் மேலும் தவறில்லை என்றார். கோட்டை உயர்த்தியது தன் பிழை என்றார். வந்து சொன்னதற்கு நன்றி என்று எழுந்து கைகொடுத்தார். அந்த வாரமே மஞ்சள் கோட்டை இறக்கினார்கள். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காவலே இல்லாத ஜெயிலுக்குள் பதினேழு வருஷம் நானே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் என் பிள்ளையையும் தள்ளிவிட்டேன். அன்றைக்கு வாகனம் நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

9

ஞாயிற்றுக்கிழமை கலா சாப்பிட வந்தாள். சரோஜா கோழிக்கறியும் பலாக்கொட்டையும் வைத்திருந்தாள். பாதிச் சாப்பாட்டில் நான் ஆரம்பித்தேன். இஞ்சின் ரூம், துரையின் கேள்வி, நான்கு வாரம், அக்கா சொன்னது, எல்லாம். தமிழிலேயே சொன்னேன். புரியாத இடத்தில் சரோஜா டேனிஷில் எடுத்துக்கொடுத்தாள். இந்த வீட்டில் அவள் மொழிபெயர்க்க வேண்டிவந்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் செப்டம்பருக்கு வந்தேன்.

"எனக்குத் தெரியுங்கப்பா" என்றாள் கலா.

"எப்படி?"

"யென்ஸ் கை ஒடஞ்சதுக்கு ரிப்போர்ட் எழுதணும். அதுக்கு அந்த மெஷின் பைலைத் தெறந்தேன். யார் யார் எப்ப பாத்தாங்கன்னு அதுல எல்லாம் இருக்கு. நீங்க அந்தப் படத்த முப்பத்தொரு தடவ தெறந்து பாத்திருக்கீங்க."

பெயர் எழுதாமல் தப்பினேன் என்று நினைத்தவனைக் கணினி ஒரு தடவைகூட விடாமல் எழுதிவைத்திருக்கிறது.

"ரிப்போர்ட்ல எழுதிட்டியா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் நான் கேட்ட முதல் கேள்வி அது என்று உறைத்தது. சரோஜா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

"இல்ல. ஒங்க விண்ணப்பம் இருக்குதானே, அத்தையப் பாக்கப் போகணும்தானே" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "நீங்க பயந்தது எனக்குப் புரியுதுங்கப்பா. இன்னிக்கித்தான் புரியுது. ஆனா நான் மேல இருந்து கேட்டேன். நீங்க இல்லம்மான்னு சொன்னீங்க. நான் நம்பினேன். அதுக்கப்பறம் பயப்படவே இல்ல."

"இனிமே அப்படி நடக்காதும்மா."

"இங்கிலாந்துப் பக்கக் கடல்ல ஒரு எடம் காலியா இருக்கு. மாத்திக் கேட்டேன். குடுத்துட்டாங்க."

சரோஜா கரண்டியைக் கீழே வைத்தாள். "அங்கயும் இதே மெஷின்தானேம்மா. அங்கயும் கரையில ஒருத்தன் ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருப்பான்" என்றேன்.

"ஆமாங்கப்பா. ஆனா அவர் யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாதவரா இருந்தா நம்பி ஏறலாம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பிழைக்கத் தெரிந்தவள் சொல்வதுபோலச் சொன்னாள். நான் சரிம்மா என்றேன்.